பாம்பு செத்தால் இருபது மதிப்பெண்

ஒரு காட்டில், பகல் முழுக்கத் தூங்கியே சம்பளம் வாங்கிய கீரியும் பாம்பும் இருந்தன. முதலாளி கரடி. சந்தையில் உடுக்கை அடித்து, "இதோ, இப்ப கீரிக்கும் பாம்புக்கும் சண்டை!" என்று கத்தும். கூட்டம் வாயைப் பிளந்து நிற்கையில் தாயத்து விற்கும். விற்றுத் தீர்ந்ததும் மூட்டையைக் கட்டிவிடும். சண்டை ஒருநாளும் நடந்ததில்லை. கீரி சாக்குக்குள்ளும் பாம்பு கூடைக்குள்ளும் குறட்டை விடும்.

பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. போனில் சண்டை நிஜமாகவே நடந்தது. கரடி தொழிலை மூடிவிட்டது.

கீரிக்கு நாலு குட்டிகள். வேலை போன சேதியை அந்த நாலு வயிற்றுக்கும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, நேரம் தவறாமல் பசித்தது. கீரி பாம்பையும் கூட்டிக்கொண்டு சிங்கத்தின் அலுவலகத்துக்குப் போனது.

"காவல் வேலை இருக்கு. பத்தாவது பாஸா?" என்றது வாசலில் இருந்த நரி.

"நான் எட்டாவதோட நின்னுட்டேன் சார். இவன் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஊர்ந்ததுகூட இல்ல."

"படிச்சிட்டு வாங்க."

இரண்டும் பத்தாம் வகுப்பில் சேர்ந்தன. கீரியின் மூத்த குட்டியும் அதே வகுப்பு. "அம்மா, என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காத" என்று வாசலிலேயே கெஞ்சியது. கீரியும் பாதி வகுப்புவரை அடக்கிப் பார்த்தது. முடியவில்லை. "அடியே, மூக்கைத் துடை!" என்று பின் பெஞ்சிலிருந்து கத்திவிட்டது.

"கீரியும் பாம்பும் பிறவிப் பகைவர்கள்" என்று நடத்திக்கொண்டிருந்தது கொக்கு டீச்சர்.

பாம்பு வாலைத் தூக்கியது. "டீச்சர், நேத்து அக்கா வீட்லதான் நான் கூழு குடிச்சேன்."

"சிலபஸ்ல கூழு இல்ல. உட்காரு."

செய்முறைத் தேர்வு வந்தது. கேள்வி ஒன்றே ஒன்று: 'கீரி பாம்பைக் கொன்று காட்டுக. இருபது மதிப்பெண்.'

"டீச்சர், அப்ப எனக்கு?" என்றது பாம்பு.

"ஒழுங்கா செத்தா உனக்கும் இருபது."

பாம்பு கீரியிடம் நெருங்கி வந்தது. "அக்கா, நாலு புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு. கடிச்சிடு. நான் கண்ணை மூடிக்கறேன்." பாம்புக்கு இமையே கிடையாது என்பது அந்தப் பயத்தில் அதற்கு ஞாபகமில்லை.

"போடா கிறுக்கா. உன்னைக் கொன்னு வர்ற சோத்தை எந்தக் கையால ஊட்டுவேன்? பெயிலானா ஆகட்டும்" என்று கீரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆந்தை. பகல் நேரம், போதாததற்குப் பள்ளியில் வாங்கிக் கொடுத்த பிரியாணி வேறு. மணியடித்ததும்தான் விழித்தது. "முடிஞ்சுதா? பாம்பு காலி. ரெண்டு பேருக்கும் இருபது இருபது."

"ஐயா, நான் உயிரோடதான் இருக்கேன்."

"அது உன் சொந்தக் கருத்து. விடைக்குறிப்புல நீ செத்துட்ட."

பள்ளிக்கு அரைநாள் லீவு விட்டார்கள். மௌன அஞ்சலியில் பாம்பும் கடைசி வரிசையில் நின்றது. டீச்சர் சொல்லும்போது ஒழுங்கை மீற முடியுமா?

பாஸான கையோடு இரண்டும் நரியிடம் ஓடின.

"பாஸா? சந்தோஷம்மா. உனக்கு முன்னாடி காடே பாஸாகி நிக்குது. வரிசைக்குப் போ. தம்பி, நீ யாரு?"

"பரீட்சையில செத்துப்போன பாம்பு சார்."

நரி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டது. "அடப்பாவமே, படிக்கறப்பவே போய்ட்டாரா! கருணை அடிப்படையில வாரிசுக்கு உடனே வேலை உண்டு. வாரிசு யாரு?"

பாம்பு சுற்றுமுற்றும் பார்த்தது. வேறு யாரும் இல்லை. "நான்தான் சார்."

"அதானே பார்த்தேன். அவரை அப்படியே உரிச்சு வச்சிருக்க!"

அன்றைக்கே வேலை. முதல் சம்பளத்தில் பாம்பு அரிசி வாங்கிக்கொண்டு கீரி வீட்டுக்கு வந்தது. குட்டிகள் வயிறு முட்டச் சாப்பிட்டன. கீரி மட்டும் இன்னும் வரிசையில்தான் நின்றது. பாம்பு அங்கேயே போய்ப் பார்த்தது.

"மனசை விட்டுடாதக்கா. பன்னிரண்டாவது சேரு. அதுல பாம்பு கீரியைக் கொல்லணுமாம். நானே வந்து கொன்னுடறேன்."

"மறக்காம வந்துடுடா தம்பி. உன்னை நம்பித்தான் பீஸ் கட்டப்போறேன்."

நீதி: படித்து முடித்தால் வேலை கிடைக்கும், படிக்கும்போதே செத்துவிட்டால் சீக்கிரம் கிடைக்கும்.