பெக்கான் கன்றுக்கு ஒரு பள்ளம்

இந்தத் தடவை பின்வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பெக்கான் கொட்டைக்குப் பேர்போன சான் சாபாவில் பிறந்து, சான் சாபாவிலேயே வளர்ந்து, தலை நரைத்த பிறகும் ஒருவனுக்குச் சொந்தமாக ஒரு பெக்கான் மரம் இல்லை என்றால் ஊர் மதிக்குமா? ஆற்றங்கரை நெடுகப் பெக்கான். கடைத்தெருவெல்லாம் பெக்கான். சர்ச்சுக்குப் போனால் பாதி பிரசங்கம், பாதி பெக்கான் பேச்சு. என் வீட்டில் மட்டும் கடையில் வாங்கிய பெக்கான்.

இதில் பக்கத்து வீட்டு டெல்மர் வேறு. அவர் மரத்துப் பருப்புக்குத்தான் வருஷா வருஷம் கண்காட்சியில் முதல் பரிசு, நீல ரிப்பன். அதைத் தன் வீட்டு ஜன்னலில், சரியாக என் கண்ணுக்கு நேராகத் தொங்கவிடுவார். மனுஷன் நல்லவர்தான். ரிப்பன்தான் பொல்லாதது.

குளிர் விடுவதற்குள் நாற்றுப் பண்ணைக்குப் போய் ஒரு கன்று வாங்கி வந்தேன். மேலே கைத்தடி உயரத்துக்கு ஒரு குச்சி. கீழே அதைவிட நீளமாக ஆணிவேர், ஈரச் சாக்கில் சுற்றியது.

"என்னங்க இது?" என்றாள் என் மனைவி வெர்லீன்.

"பெக்கான் கன்னு. மெல்லிசு ஓட்டு ரகம். விரலால அமுக்குனாலே உடைஞ்சிரும்."

"காய்க்க எவ்வளவு நாளாகும்?"

"ஏழெட்டு வருஷம்."

"அப்போ அமுக்குறதுக்கு விரல்ல தெம்பு இருக்குமா, ஹோய்ட்?"

வெர்லீன் இப்படித்தான். அவள் கேட்டு நான் செய்யாமல் வைத்திருக்கும் வேலைகள் இரண்டு. ஒன்று, சுழல்காற்று வந்தால் பதுங்க மண்ணுக்கடியில் ஒரு நிலவறை. இன்னொன்று, கொல்லைப்பக்கம் தேங்கும் மழைத் தண்ணீர் தெருவுக்கு ஓட ஒரு வாய்க்கால். இரண்டுக்கும் என் பதில் ஒன்றே: இடுப்பு. அதுவும் எங்கள் ஊர் மண்ணில் ஒரு சாண் தோண்டினாலே சுண்ணாம்புப் பாறை. ஆகவே ஒவ்வொரு வசந்தத்திலும் ஊரில் அபாயச் சங்கு ஊதும்போது அவள் குளியல் தொட்டிக்குள் படுத்து, மெத்தையை மேலே கவிழ்த்துக்கொள்வாள். நான் வாசலில் நின்று மேகம் பார்ப்பேன். ஆம்பிளை இல்லையா.

"எங்க நடப்போறீங்க?"

"வேலியோரம்."

"அதுதான் சரி. சமையல்கட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம். எனக்குப் பிடிக்காது."

அந்த நிமிஷமே சமையல்கட்டுப் பக்கம் என்று தீர்மானித்தேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் கிழக்கு என்றால் நான் மேற்கு. இல்லாவிட்டால் எனக்கு என்ன மரியாதை?

முழங்கால் ஆழம் தோண்டிவிட்டு நிமிர்ந்தேன். வேலிக்கு மேலே டெல்மரின் தொப்பி தெரிந்தது.

"என்ன ஹோய்ட், பூண்டுச் செடியா வைக்கிறீங்க?"

"பெக்கான்!"

"இவ்வளவு ஆழத்துலயா? ஆணிவேர் பாறையில முட்டுனா மரம் அங்கேயே நின்னுரும். நான் நெஞ்சளவு தோண்டினேன். ஆனா உங்களுக்கு எதுக்கு அந்த வம்பு? உங்க இடுப்பு..."

"என் இடுப்புக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கு!"

வெர்லீன் எலுமிச்சைத் தண்ணீரோடு வந்தாள். "டெல்மரை விடுங்க. அவருக்கு உடம்புல வலு இருக்கு. நீங்க முழங்காலோட நிறுத்திக்கங்க."

நிறுத்துவேனா? கடப்பாரையை எடுத்தேன். பிக்காசு வாங்கினேன். பாறையை உடைத்தேன். நெஞ்சளவைத் தாண்டி, தலையே மறையும் ஆழத்துக்குப் போனேன். இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் டெல்மர் ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போவார். பக்க வேரும் ஓட வேண்டாமா, அகலப்படுத்துங்க என்றார். அகலப்படுத்தினேன்.

"வட்டமாத் தோண்டாதீங்க," என்றாள் வெர்லீன் மேலே நின்று. "வேர் சுத்திச் சுத்தி வரும்னு பண்ணைக்காரர் சொன்னார். ஆனா சதுரமா மூலை எடுக்குறதெல்லாம் கொத்தனார் வேலை. உங்களுக்கு வராது."

தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தாலும் பிசகாதபடி நான்கு மூலை எடுத்தேன். ஏறி இறங்கச் சிரமமாக இருந்ததால் ஒரு பக்கம் படிக்கட்டும் வெட்டினேன். படிக்கட்டு முழுக்க என் சொந்த யோசனை. இதை அழுத்திச் சொல்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை.

கடைசிப் படியைத் தட்டிச் சமப்படுத்திவிட்டு, "கன்னை எடுத்துட்டு வா வெர்லீன்!" என்று உள்ளேயிருந்து கர்ஜித்தேன்.

கன்று வரவில்லை. லாரி வந்தது. அதில் சிமெண்டுக் கல், கம்பி, ஒரு கனத்த இரும்புக் கதவு. இரண்டு கொத்தனார்கள் இறங்கிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்கள்.

"அருமையா எடுத்திருக்கீங்க சார்! படிகூட ரெடி. நிலவறைக்கு இப்படி யாரும் தோண்டித் தந்ததே இல்லை."

"நிலவறையா? இது பெக்கானுக்கு!"

"பெக்கான் அங்க இருக்குங்க," என்றாள் வெர்லீன். வேலியோரம் கை காட்டினாள். கன்று ஜோராக நின்றது, சுற்றி ஈர மண். "டெல்மரோட சம்சாரம் ஓபலும் நானும், நீங்க தோண்ட ஆரம்பிச்ச அன்னைக்கே நட்டுட்டோம். வேர் நீளத்துக்குப் பள்ளம், அவ்வளவுதான். அங்க பாறையே இல்லை."

டெல்மரை முறைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"கோபப்படாதீங்க ஹோய்ட். எங்க சமையல்கட்டுக்குப் பின்னாலயும் ஒரு நிலவறை இருக்கே, அதை நான் எதுக்குத் தோண்டினேன்னு நினைக்கிறீங்க?"

"எதுக்கு?"

"பெக்கானுக்குத்தான்."

ஏப்ரலில் ஒரு சாயங்காலம் வானம் பச்சையாக மாறியது, சுழல்காற்றுக்கு அறிகுறி. சங்கு ஊதியது. நான் வழக்கம்போல மேகம் பார்க்கக் கிளம்பினேன். வெர்லீன் என் சட்டைக் காலரைப் பிடித்து, நான் வெட்டிய படியிலேயே என்னை இறக்கினாள். மேலே காற்று ரயில் வண்டி போல இரைந்துகொண்டு போனது. இருட்டில் அவள் கை என் கையைத் தேடிப் பிடித்தது. நடுங்கியது. இத்தனை வருஷமும் இந்த நடுக்கத்தைத்தான் மெத்தைக்கடியில் தனியாக வைத்துக்கொண்டிருந்தாளா? எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, சந்தோஷமாக இருந்தது. காற்று ஓய்கிறவரை ஓபல் தந்த பெக்கான் பருப்பை இரண்டு பேரும் கொறித்தோம்.

வெளியே வந்தால் கொட்டகைக் கூரை பறந்திருந்தது. வீடு தப்பித்தது. கன்று அப்படியே நின்றது, நுனியில் இரண்டு தளிரோடு. கொல்லையில் மட்டும் கணுக்கால் வரை தண்ணீர்.

வெர்லீன் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

"டெல்மர் இந்த வருஷம் திராட்சைக் கொடி வைக்கிறாராம். கொல்லையிலிருந்து தெரு வரைக்கும் நீட்டுக்கு ஒரே பள்ளமாம். கண்காட்சியில அதுக்கும் ரிப்பன் உண்டாமே? நீங்க அதுல இறங்கிடாதீங்க. உங்களால முடியாது."

சும்மா இருப்பேனா? மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மண்வெட்டியைத் தேடிப் போனேன்.

அது தீட்டித் துடைத்து, கொல்லைக் கதவோரம் தயாராகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது.