பிரேக் பாயும் அவிழாத பெல்ட்டும்

ராமநாதபுரம் ஜில்லாவில் பிரேக் பாய் படுத்துப் பார்க்காத ஆஸ்பத்திரிக் கட்டில் கிடையாது. உட்கார்ந்து பார்க்காத பள்ளிக்கூட பெஞ்சு கிடையாது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுப் பார்க்காத கழிப்பறையும் கிடையாது. மற்ற தர்மவான்கள் கல்லில் பெயர் பொறிப்பார்கள். எங்கள் பாய் கொடுத்த சாமான் ஒவ்வொன்றிலும் அவர் முதுகுதான் முதலில் பதிந்திருக்கும்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சென்னைக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் லாரிக்கு பிரேக் செய்ய ஆரம்பித்து, பாதி நாட்டு லாரிகள் அவர் தயவில்தான் நிற்கின்றன என்று சொல்லும் அளவுக்குத் தொழிலை வளர்த்தவர். வயசானதும் எல்லாவற்றையும் மகன்களிடம் விட்டுவிட்டுச் சொந்தக் கடற்கரைக்கே வந்து டிரஸ்ட் ஒன்று ஆரம்பித்தார். அந்த டிரஸ்டில் மேனேஜர் என்ற பெயரில் அவரிடம் மாட்டிக்கொண்டவள் நான்.

தொழிற்சாலை நாளிலிருந்தே அவருக்கு ஒரு சட்டம். புதிதாக எந்த பிரேக் செய்தாலும், அதைப் பூட்டிய முதல் லாரியில் அவர் குடும்பம் ஏறி மலை இறங்க வேண்டும். பிறகுதான் விற்பனை. அவர் மனைவி ராபியா மாமி இந்தக் கதையைச் சொல்லும்போது இன்றைக்கும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்வார்.

"கல்யாணம் முடிஞ்சு எல்லாரும் சோடியா ஊட்டிக்குப் போவாக. என்னையும் ஊட்டிக்குத்தான் கூட்டிட்டுப் போனாக. லாரியில. பின்னால முழுக்க சிமெண்டு மூட்டை. எறங்குறப்ப வளைவுக்கு வளைவு நான் கலிமா சொல்லிக்கிட்டு வாரேன், இவுக என்னைத் திரும்பிப் பாத்து, எப்படிப் புடிக்குது பாத்தியா, எப்படிப் புடிக்குது பாத்தியான்டு கேக்குறாக."

பாய் கொஞ்சமும் அசர மாட்டார். "என் பொண்டாட்டி ஏறாத வண்டியில அடுத்தவன் பொண்டாட்டிய எப்படி ஏத்துறது புள்ள?" என்பார்.

டிரஸ்டிலும் அதே சட்டம்தான். உப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு கொடுத்தோம். கொடுத்த கையோடு கிளம்பி வந்தால் அவர் பாய் இல்லையே. ஆறாம் வகுப்பில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். காலை மணி அடித்ததிலிருந்து சாயங்கால மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. கணக்கு வாத்தியார் பின்னம் நடத்திக்கொண்டே வந்து, பழக்க தோஷத்தில் இவரைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டார். பதில் தெரியாமல் பாய் எழுந்து நின்றார். உட்காரச் சொல்ல வாத்தியாருக்கு வாய் வரவில்லை, தானாக உட்கார பாய்க்கு மனசு வரவில்லை. அந்தப் பாடவேளை முழுக்க நின்றார். சாயங்காலம் என்னிடம், "சாயுற எடம் சரியில்ல புள்ள, முதுகு பிடிக்குது. எல்லாத்தையும் மாத்தச் சொல்லு" என்றார். பின்னத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

இப்படிப்பட்டவர் ஆம்புலன்ஸ் கொடுக்கிறேன் என்று கிளம்பினால் என்ன ஆகும்?

தனுஷ்கோடிப் பக்கம் மணலுக்குள் குடிசை போட்டிருக்கும் மீனவக் குடும்பங்களில் யாருக்காவது பிரசவ வலி வந்தால், மீன் ஏற்றும் வண்டியில்தான் ராமேஸ்வரம் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். ஒருத்திக்கு வழியிலேயே, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில், பிள்ளை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிது. இதைக் கேட்ட அன்று பாய் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை. மணலில் புதையாத வண்டி ஒன்று உடனே வாங்கினார். வாங்கியது உடனே. கொடுப்பதற்குத்தான் அவருடைய சட்டம் குறுக்கே நின்றது.

வயிற்றில் ஓர் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் படுத்தார். கர்ப்பிணி எப்படிக் குலுங்குவாள் என்று தெரிய வேண்டுமாம். டிரைவர் அந்தோணி வண்டியை எடுத்தான். ஒவ்வொரு மேட்டிலும் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"ஏலே, இப்ப போட்டியே அது பிரேக்கா? என் புள்ள தொண்டைக்கு வந்திருச்சு."

"பாய், நான் ஓட்டுறது வண்டியா, முட்டைக் கூடையா?"

"முட்டைக் கூடைதான்டா. சடக்குன்டு நிறுத்த எந்தக் கிறுக்கனுக்கும் தெரியும். உள்ள படுத்திருக்கவளுக்குத் தெரியாம நிறுத்து."

ஸ்பிரிங் மாற்றினார். சீட் மாற்றினார். ஒருநாள் வளைவில் ஸ்ட்ரெச்சரிலிருந்து உருண்டு விழுந்தார். உடனே சென்னைக்கு போன் போட்டு, தொழிற்சாலையில் லாரி இன்ஜினை ஏற்றும்போது கட்டுகிற பெல்ட்டை வரவழைத்துப் பூட்டினார். ஆளைக் கட்டும் பெல்ட் கடையில் கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "இன்ஜினே அசையாது, ஆளா அசையும்?" என்று என் வாயை அடைத்தார்.

இதற்குள் அந்த மணல் குடிசைகளில் ஒன்றில் இருந்த ஜெனோவாவுக்கு மாதம் நெருங்கிவிட்டது. தலைப்பிரசவம், ரத்த அழுத்தம் வேறு. மீன் வண்டியில் போனால் தாங்க மாட்டாள் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் மாமியார் ராமநாதபுரத்துக்கே பஸ் ஏறி வந்து எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றார்.

"ஏன் பாய், என் பேரப்புள்ள பொறந்து, வளந்து, பள்ளிக்கூடம் போனப்பறந்தேன் வண்டி வருமோ?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். மறுவாரமே விழா என்று அறிவித்தார்.

விழா நாளன்று மணலில் பந்தல், மைக், வண்டிக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். ரிப்பன் வெட்டவேண்டிய பெரிய அதிகாரி வழியில் வந்துகொண்டிருந்தார். கிடைத்த இடைவெளியை பாய் வீணாக்குவாரா? கடைசியாக ஒரு தடவை என்று அரிசிப் பையோடு உள்ளே ஏறிப் படுத்துப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, வேடிக்கை பார்க்க வந்திருந்த ஜெனோவா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பனிக்குடம் உடைந்துவிட்டது.

நாங்கள் அவளைத் தாங்கிக்கொண்டு ஓடி, வண்டிக் கதவைத் திறந்தோம். உள்ளே பாய், பெரிய வயிற்றோடு மல்லாந்து கிடக்கிறார்.

"என்ன பாய், எம் மருமகளுக்கு முன்னாடி ஒங்களுக்கா?" என்றார் மாமியார்.

"எந்திரிக்க முடியலம்மா. பெல்ட்டு அவுறல."

சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலையில் கடல் மணல் ஏது? இங்கே பொடி மணல் பூட்டுக்குள் புகுந்து இறுக்கிவிட்டது. அந்தோணி இழுத்தான். நான் இழுத்தேன். அந்த பெல்ட் இன்ஜினையே அசையவிடாதது. வெளியே ஜெனோவா வலியில் சத்தம் போட்டாள். அவள் இங்கேயே போய்விடுவாளோ என்று பயந்தேன்.

மாமியார்தான் யாரிடமோ மீன் அறுக்கும் கத்தியை வாங்கிக்கொண்டு உள்ளே ஏறினார். கத்தி வழுக்கியது. பெல்ட்டில் ஒரு நூல்கூட விடவில்லை. பாய் முகத்தில் ஒரு கணம் பெருமை வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அடுத்த கணம் அழுதார்.

"அறுங்கம்மா. என் வயித்துலேயே பட்டாலும் பரவாயில்ல, அறுங்க."

மாமியார் முழு பலத்தோடு மறுபடி அறுத்தார். பட்டது, ஆனால் அரிசிப் பையில். வண்டி முழுக்க அரிசி கொட்ட, பெல்ட் அறுந்தது. பாய் உருண்டு இறங்க, ஜெனோவா ஏற, அந்தோணி ரிப்பனை வண்டியாலேயே அறுத்துக்கொண்டு கிளம்பினான்.

தாடியெல்லாம் அரிசியோடு பாய் மணலில் நின்றார். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "பிரேக் சத்தம் கேக்குதா புள்ள?"

"இல்ல பாய்."

"நல்லாக் கேளு."

"இல்ல பாய். ஒண்ணுமே கேக்கல."

அப்போதுதான் அதிகாரி வந்து இறங்கினார். வண்டி எங்கே என்று கேட்டார். "வேலைக்குப் போயிருச்சு சார். உங்க வண்டிய எடுங்க, பின்னாலயே போகணும்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவர் காரில் பாய் ஏறி உட்கார்ந்தார். நானும் ஏறினேன். வழி நெடுக அதிகாரியின் டிரைவருக்கு பிரேக் போடப் பாடம் நடந்தது.

பெண் குழந்தை. இருவரும் நலம் என்று நர்ஸ் சொல்லியும் பாய் வாசலைவிட்டு நகரவில்லை. சாயங்காலம் ஜெனோவாவைப் பார்க்க விட்டார்கள். எல்லாரும் பிள்ளையைப் பார்த்தார்கள். இவர் மட்டும் தாயிடம் கேட்டார்.

"வழியில ரொம்ப வலிச்சுச்சாம்மா?"

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். "வலிச்சுச்சு பாய். ஆனா பயமா இல்ல."

பாய் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆயுசு பூராவும் இத்தனை சாமான்களைச் சோதித்த மனிதருக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்ததுபோல் இருந்தது. பிறகு துண்டை எடுத்தவர், "அடுத்த வண்டிக்குச் சொல்லிரு புள்ள" என்றார்.

இப்போது எங்கள் கடற்கரையில் டிரஸ்ட் வண்டிகள் நிறைய ஓடுகின்றன. பெல்ட் எல்லாம் கடையில் வாங்கியதுதான். போன வருஷம் பாய் போய்ச் சேர்ந்துவிட்டார். சாமான் வந்தால் சாமான் போகிறது. குறுக்கே யாரும் படுத்துக்கொள்வதில்லை. ஆபீஸ் ரொம்ப நிம்மதியாக இருக்கிறது, பாய். எனக்குப் பிடிக்கவே இல்லை.