முள்ளம்பன்றி வேலையை விட்டுப் படித்த கதை

ஒரு காட்டில், சிங்கம் குகையை வாடகைக்கு விட்டுவிட்டு ஓய்வெடுக்கப் போன பிறகு, ஒரு முள்ளம்பன்றி கம்ப்யூட்டர் வேலை பார்த்துவந்தது. பெயர் நவநீதன். நவநீதம் என்றால் வெண்ணெய். பிறந்த அன்றைக்கு முள் மெத்தென்றுதானே இருந்திருக்கும், பெற்றவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பதற்றம் வந்தால் அவனுக்கு முதுகு முள்ளெல்லாம் குத்திட்டு நின்றுவிடும். ஆபீஸில் அவன் உட்காரும் நாற்காலியின் சாய்மானம் சல்லடையாகிப் பல காலம் ஆகிறது.

கம்பெனியின் பெயர் 'பழுத்தாச்சு'. எந்த மரத்தில் எந்தப் பழம் பழுத்திருக்கிறது என்று அவரவர் போனிலேயே சொல்லிவிடும். அந்தப் புரோகிராமை எழுதிய ஆமை எப்போதோ ரிட்டயராகிக் குளத்துக்குள் போய்விட்டது. புரோகிராமோ அடிக்கடி முரண்டு பிடித்து நின்றுபோகும். அப்போது முதலில் பலாவை நிறுத்தி, பிறகு மாவை நிறுத்தி, நாவலை மட்டும் தொடாமல் விட்டுவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். இந்தச் சூட்சுமம் காட்டிலேயே நவநீதன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

மேனேஜர் ஓர் எருமை. சம்பள உயர்வு கேட்டுப் போனால் அசைபோட்டபடியே, "பார்க்கலாம் நவநீதன்" என்பார். அவ்வளவுதான். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதை.

இப்படி இருக்கையில் ஒரு முயல் புதிதாக வந்து சேர்ந்தது. சேர்ந்த அன்றே நவநீதனிடம் வந்து, "அண்ணா, இதை எங்கே ஆன் பண்றது?" என்று கேட்டது. விசாரித்துப் பார்த்தால் அதற்குச் சம்பளம் நவநீதனைவிட அதிகம். அவனுக்கு வயிறு எரிந்தது.

"எப்படிப்பா உனக்கு இவ்வளவு குடுத்தாங்க?"

"இன்டர்வியூல கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேண்ணா. எறும்பு வரிசையில எண்ணாமலே நடு எறும்பைக் கண்டுபிடிக்கச் சொன்னாங்க. கண்டுபிடிச்சேன்."

"அதுக்கும் இந்த வேலைக்கும் என்ன சம்பந்தம்?"

"அதை அவங்க கேக்கலையே."

அன்றைக்கே வீட்டுக்குப் போய் மனைவி சுகந்தியிடம் சொல்லிவிட்டான். வேலையை விடப் போகிறேன், முழுநேரமும் உட்கார்ந்து இன்டர்வியூவுக்குப் படிக்கப் போகிறேன், பெரிய சம்பளத்தில் பெரிய கம்பெனிக்குப் போகப் போகிறேன்.

"வேலையில இருந்துக்கிட்டே படிக்கக் கூடாதா?"

"ஆமை எழுதி வச்சதை ஓட்டவே பொழுது போயிடுது சுகந்தி."

சுகந்தி யோசித்தாள். "சரி, முதல் மழை வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள கிடைக்கலைன்னா அப்பா மண்டிக்குப் போயிடணும். பேச்சு மாறக் கூடாது."

மாமனார் வேலாயுதம் கிழங்கு மண்டி வைத்திருந்தார். சேனை, கருணை, மரவள்ளி என்று குவிந்து கிடக்கும். வேறொரு முள்ளம்பன்றி என்றால் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு ஓடியிருக்கும். நவநீதனுக்கோ, மாமனார் பக்கத்திலேயே நாளெல்லாம் உட்கார்ந்து, அவர் செருமும்போதெல்லாம் எழுந்து நிற்க வேண்டுமே என்று நினைத்தாலே முள் குத்திட்டது. அந்த மகானுபாவர் மாப்பிள்ளைக்கென்று ஒரு முக்காலியைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

எருமை ராஜினாமாவை வாங்கிக்கொண்டு, "நல்லா இருங்க. உங்களுக்குப் பதிலா ஆள் கிடைக்காமலா போயிடும்" என்றார். போகும் முன் சூட்சுமத்தையெல்லாம் பக்கத்துச் சீட்டு ஓணான் ஜெயபாலிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். "முதல்ல பலா, அப்புறம் மா, நாவலைத் தொடவே கூடாது. புரிஞ்சுதா?" என்றான் நவநீதன். ஜெயபால் தலையை ஆட்டினான். ஓணான் எதற்குத்தான் தலையாட்டாது? எருமை அவனை அத்தனை வருஷமாக வைத்திருந்ததே அதற்காகத்தான்.

நவநீதன் விழுந்து விழுந்து படித்தான். எறும்பு வரிசையில் நடு எறும்பு எது, ஆற்றைத் திருப்பி ஓடவிடுவது எப்படி, ஒரு மரத்தை இலை உதிராமல் தலைகீழாக்குவது எப்படி. சோற்றைப் பிசையும்போதுகூட நடுப்பருக்கையைத் தேட ஆரம்பித்துவிட்டான். ஞாயிறு தவறாமல் ஒரு சேனைக்கிழங்கோடு மாமனார் வந்துவிடுவார்.

"வேலைக்குப் போறதுக்காக வேலையை விட்டுட்டீங்களா மாப்பிள்ளை? மறு கல்யாணம் பண்ணிக்கிறதுக்காகக் கட்டினவளை அனுப்பி வைக்கிற மாதிரில்ல இருக்கு."

"அப்பா, சும்மா இருங்க" என்பாள் சுகந்தி. அவர் சும்மா இருந்துகொண்டே வானத்தைப் பார்ப்பார். மேகம் எதுவும் வருகிறதா என்று.

முதல் இன்டர்வியூ சிறுத்தைகள் கம்பெனியில். "கொஞ்ச காலமா வேலையில்லாம இருந்திருக்கீங்களே, ஏன்?" என்றது சிறுத்தை.

"இந்த இன்டர்வியூவுக்குப் படிக்கிறதுக்குத்தான் சார்."

"அப்படியா? நாங்க வேலையில இருக்கிறவங்களைத்தான் எடுக்கிறது."

நவநீதனுக்கு முள் குத்திட்டது. இரண்டு கழன்று போய்ச் சிறுத்தையின் காபியில் விழுந்தன. அடுத்த இடத்தில் எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்திருந்தது. ஆனால் பதற்றத்தில் கைகொடுக்க எழுந்தபோது நாற்காலியும் முதுகோடு சேர்ந்து எழுந்து வந்தது. அது சுழல் நாற்காலி வேறு. வேலை போனது போக, நாற்காலிக்கும் பதில் சொல்லிவிட்டு வர வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து அழுதேவிட்டான்.

சுகந்தி எழுந்து உள்ளே போனாள். விளக்கெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்து முள் முள்ளாகத் தடவிப் படிய வாரிவிட்டாள். "இனிமே எது கேட்டாலும் எழும்பாது. போய்ப் பேசிட்டு வாங்க" என்றாள்.

அந்த வாரம் வேலை பிடித்துக் கொடுக்கும் தரகுக் காக்கை ஒன்று வந்தது. "பெரிய இடம். பேரைச் சொல்ல மாட்டாங்க, ரகசியம். ஆள் எடுக்கிறதை எங்ககிட்டயே விட்டுட்டாங்க. அங்கேயும் உங்க பேர் போகாது, மார்க்கு மட்டும்தான் போகும். சிபாரிசுக்கு இடமே இல்லை பாருங்க" என்று பெருமையாகச் சொன்னது.

கேள்வி கேட்கக் கூலிக்கு அமர்த்திய கழுகுகள் வந்து உட்கார்ந்தன. நவநீதன் நடு எறும்பைக் கண்டுபிடித்தான். ஆற்றைத் திருப்பினான். மரத்தைத் தலைகீழாக்கினான், ஓர் இலை உதிரவில்லை. விளக்கெண்ணெய் மினுமினுக்க ஒரு முள்கூட அசையவில்லை. பழைய சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கு என்று காக்கை வந்து சொன்னபோது சுகந்திக்குக் கால் தரையில் பாவவில்லை.

சேரும் நாளன்று வானம் கறுத்திருந்தது. காக்கை முன்னால் பறக்க நவநீதன் பின்னால் நடந்தான். பாதை தெரிந்த பாதையாக இருந்தது. வாசலும் தெரிந்த வாசல். உள்ளே போனால், சல்லடைச் சாய்மானத்தோடு அதே நாற்காலி. எருமை எழுந்து நின்று, "வாங்க சார், வாங்க. உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருக்கோம்" என்றார். நவநீதனுக்கு வெட்கமாக இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு துளி விழுந்தது. முக்காலி ஞாபகம் வந்தது. போய் உட்கார்ந்துவிட்டான். முதுகு முள் ஒவ்வொன்றும் அதனதன் ஓட்டையில் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது.

அவன் போனதிலிருந்து 'பழுத்தாச்சு' சரியாக ஓடவே இல்லையாம். காடு முழுக்கக் காயைத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைகிறதாம். நவநீதன் பலாவை நிறுத்தினான், மாவை நிறுத்தினான், நாவலைத் தொடவில்லை. ஓடிவிட்டது. கழுகுகள் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான்.

எருமை எல்லோரையும் கூப்பிட்டு, "பார்த்தீங்களா? இதுக்குத்தான் வெளியிலிருந்து ஆள் எடுக்கணும்னு சொன்னேன்" என்றார். அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

சாயங்காலம் மழை கொட்டியது. குடையோடு வந்த மாமனார், "அதே நாற்காலியா? ரெண்டு மடங்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, மறுநாளே மண்டியில் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்காமலே சம்பளத்தை உயர்த்தினார். எங்கே அவரும் படிக்கக் கிளம்பிவிடுவாரோ என்ற பயம்தான்.

எருமைக்கு அந்தப் புத்தி வரவில்லை. மறுநாள் ஜெயபாலிடம், "ஜெயபால், இன்னைக்குக் கொஞ்சம் கூடுதலா இருந்து வேலையை முடிச்சுட்டுப் போயிடுங்களேன்" என்றார். ஓணான் பிறந்ததிலிருந்து முதல் முறையாகத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினான். பிறகு நவநீதனிடம் வந்து காதோடு கேட்டான்:

"அண்ணே, அந்த விளக்கெண்ணெய் மிச்சம் இருக்கா?"

நீதி: உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு விலை ஏற வேண்டுமானால் முதலில் அதை விட்டு எழுந்திரு. ஆனால் எழுந்திருக்கும்போது அது முதுகோடு ஒட்டிக்கொண்டு வராமல் பார்த்துக்கொள்.