பிழை பொறுக்கும் பறவை

அன்பிற்கும் அவ்வப்போது கண்டிப்பிற்கும் உரிய தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு யாவரும் நலம். உன் மகள் வரைந்த படம் வந்திறங்கும்வரை மனநலமும் குறைவின்றியே இருந்தது.

காப்பீட்டு அலுவலக வேலையை உதறிவிட்டு ஓவியம் பயில அவள் துடிப்பதாகவும், படத்தைப் பார்த்து நான் சொல்வதே முடிவு என்றும் எழுதியிருந்தாய். பள்ளிப் படியை மிதியாமல், துணி சுற்றி வந்த தாள்களைப் படித்தே தமிழ் கற்றவள் நான். படத்துக்குப் பொருள் காண்பதா பெரிது என்று தையற்கடைச் சுவரில் மாட்டினேன். அடேய், அது பறவையா, பூனையா, பழக்கடையா? உடல் ஊதா, தோகை செம்மஞ்சள், வால் மீன். கழுத்தைப் பார்த்தால் ஒட்டகச்சிவிங்கியே ஒதுங்கி வழிவிடும். அந்தக் கழுத்தில் உடலெங்கும் எண்கள் எழுதிய ஒரு மஞ்சள் பாம்பு. பாம்புக்கு எதுக்குடா கணக்கு? நெற்றியில் உபரியாக இரண்டு வட்டக் கண்கள். சிவந்த அலகால் தரையில் சிதறிய ஒற்றைக்கொம்பு, துணைக்கால், புள்ளி என எழுத்துகளின் உறுப்புகளைக் கொத்தித் தின்கிறது.

சட்டை தைக்க வந்தவள், "அக்கா, இந்த மூஞ்சிய எங்கயோ பாத்த மாதிரியே இருக்கே!" என்றாள்.

"கனவுல பாத்திருப்ப. கையத் தூக்கு."

உன் அத்தானோ படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "நான் ஒண்ணும் சொல்லல தாயே, எனக்கு ராத்திரி சாப்பாடு வேணும்" என்று வெளியேறினார்.

இந்த லட்சணத்தில் 'பிழை பொறுக்கும் பறவை' என்று பெயர் வேறு. பொறுமையுள்ள மூஞ்சியா அது? பொறுத்தலின் பொருளே அறியாதவளுக்குத் தூரிகை ஒரு கேடா? ஆகவே என் தீர்ப்பு: வேலையை விடக் கூடாது. படம் நாளையே திரும்பி வரும்.

உன் இல்லாள் நலம் பெறுக; மகள் நல்லறிவு பெறுக; சென்ற கடிதத்தில் 'முயற்ச்சி' என்று எழுதிய நீ தமிழ் பெறுக.

இப்படிக்கு,
உன் நன்மையன்றி வேறு நாடாத
அக்கா

பின்குறிப்பு: படத்தைக் கழற்றிக் கையில் எடுத்துத் திரும்பினேன். எதிரே நிலைக்கண்ணாடி. நெற்றிக்கு ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியும் கழுத்தில் அளவு நாடாவுமாக அதில் இரண்டு பறவைகள் நின்றன. பொறுக்கும் என்றால் பொறுத்துக்கொள்ளும் என்று மட்டுமா பொருள்? அரிசியில் கல் பொறுக்குவதில்லையா! ஒரே சொல்லில் அத்தையைத் தைத்துவிட்டாள். இவ்வளவு தமிழ் தெரிந்த பெண்ணைக் காப்பீட்டு அலுவலகத்தில் உட்காரவைத்த உன்னைச் சொல்ல வேண்டும். மேலே உள்ளதை அடித்துவிடு. அவள் வேலையை விடட்டும். படம் என் கடைச்சுவரை விட்டு நகராது. கழுத்து மட்டும் பிழை, அவ்வளவு நீளமில்லை. நாடாவால் அளந்தே சொல்கிறேன்.