பிள்ளை பார்க்க வந்த தராசு

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவர்களில் ஒரு தனி இனம் உண்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். கையில் ஒரு கம்பளித் தொப்பியோ கிலுகிலுப்பையோ இருக்கும். தொட்டிலை எட்டிப் பார்த்து, "மூக்கு அப்படியே அப்பா" என்பார்கள். அதோடு பிள்ளையின் வேலை முடிந்தது. பிறகு அவர்களுடைய கண் மெல்லத் தொட்டிலை விட்டுக் கிளம்பி, கட்டிலில் சாய்ந்திருக்கும் தாயிடம் போய், தாடையில் தொடங்கித் தோள், கை, இடுப்பு என்று படிப்படியாக இறங்கி, வந்த வழியே மறுபடி ஏறி, கடைசியில் தீர்ப்போடு வந்து நிற்கும். சதை போட்டிருந்தால், "பால் குடுக்கறதில்லையா?" இளைத்திருந்தால், "பிள்ளை உன்னை உறிஞ்சி எடுத்துடுச்சே." இரண்டும் இல்லாமல் முன்பு இருந்தபடியே இருந்தால்? அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. "என்னமோ போ, பிள்ளை பெத்தவ மாதிரியே இல்ல" என்று பெருமூச்சு விடுவார்கள். இவர்களிடம் பாஸ் மார்க் வாங்கிய தாய் இன்னும் பிறக்கவில்லை.

இந்த இனத்துக்குத் தலைவி வைப்பதென்றால் தராசு அக்காவைத்தான் வைக்க வேண்டும். பார்சல் அலுவலகத்தில் எடை போடும் கவுன்டர் அவருடையது. பெட்டியை மேடையில் வைப்பதற்கு முன்பே எடையைச் சொல்லிவிடுவார். முள்ளும் அங்கேயே போய் நிற்கும். வரிசையில் நிற்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தப் புகழோடு நின்றிருக்கலாம். ஆனால் மாலையில் கவுன்டரைப் பூட்டும் அக்கா, கண்ணை மட்டும் பூட்டாமல் வீட்டுக்கு வந்துவிடுவார்.

அக்காவிடம் ஒரு சித்தாந்தமும் இருந்தது. "பால் குடுத்தா உடம்பு வெண்ணெய் மாதிரி உருகிடும். என்னையே எடுத்துக்கோ. எம் பொண்ணு பொறந்து கொஞ்ச நாள்ல விரல்ல மோதிரம் நிக்கல. நூல் சுத்திப் போட்டேன்." மோதிரக் கதையைக் கேட்காத தாய் அவர் குடியிருந்த அடுக்கு வீட்டில் கிடையாது. கீழ்த்தளத்து ரொட்டிக்கடைக்காரி, ஒரு கையால் பிள்ளையை மார்போடு அணைத்துப் பால் கொடுத்தபடியே மறுகையால் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்த நாளில், "நீ சரியாக் குடுக்கறதில்லபோல, குடுத்தா இப்படி இருக்க மாட்டே" என்று சொல்லிவிட்டு ஒரு பன்னும் வாங்கிக்கொண்டு போனவர் அக்கா. ரொட்டிக்கடைக்காரி அன்று மதியம் சாப்பிடவில்லை. அது அக்காவுக்குத் தெரியாது. இந்த இனத்துக்குத் தெரியவே தெரியாத விஷயம் அது ஒன்றுதான்.

அப்படிப்பட்ட அக்காவின் ஒரே மகள் பிள்ளை பெற்றாள்.

மகள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். நீளமான வண்டியைக் குறுகலான முக்கில் ஒரே வளைப்பில் திருப்பிவிடுவாள். அம்மாவின் வாயைத்தான் அவளால் திருப்ப முடியாது. அக்கா லீவு போட்டுவிட்டு மகள் வீட்டில் வந்து இறங்கினார். வருவதற்கு முன்பு எல்லாரிடமும் சவால் வேறு. "எம் பொண்ணு வேலைக்குத் திரும்பறப்போ வந்து பாருங்க. பழைய யூனிஃபார்ம் அவளுக்குத் தொளதொளன்னு இருக்கும்."

பிள்ளை, சும்மா சொல்லக் கூடாது, தன் பங்கை ஒழுங்காகச் செய்தது. விடிந்தால் பால், அடைந்தால் பால், நடுவில் யாராவது தும்மினால் பால். முதலில் மகளின் எடை கொஞ்சம் இறங்கியது. அக்கா போன் போட்டு ஊரெல்லாம் சொன்னார். பிறகு இறங்கியது அப்படியே நின்றது. அப்புறம், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், மெல்ல ஏறத் தொடங்கியது.

"குளியலறை மெஷின் பொய் சொல்லுது" என்றார் அக்கா.

மகளையும் பிள்ளையையும் மருமகனையும் கிளப்பிக்கொண்டு நேரே பார்சல் அலுவலகம் போனார். அங்கே இருப்பது நேர்மையான தராசு. மகள் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினாள். அக்காவின் இடத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தர், பழக்க தோஷத்தில், "எந்த ஊருக்கு?" என்றார்.

"எங்கயாவது தூரமா அனுப்பிடுங்க சார். எங்கம்மா இல்லாத ஊரா இருந்தா போதும்" என்றாள் மகள்.

நேர்மையான தராசும் குளியலறைத் தராசின் கட்சிதான். அக்கா தோற்றுப்போவாரா? சித்தாந்தம் சரி, சாப்பாடுதான் தப்பு என்று முடிவு கட்டினார். அன்றிலிருந்து ரொட்டித் துண்டுகள் மெலிந்தன. முட்டை இரண்டு ஒன்றாயிற்று. பிஸ்கட் டப்பா அலமாரியின் உச்சிக்கு ஏறியது. மகளோ, லாரி லாரியாகப் பசி வந்து நிற்க, அம்மாவின் கண்ணுக்குப் பயந்து தட்டைத் தள்ளிவைத்தாள். யூனிஃபார்ம் கால்சட்டையை எடுத்து மாட்டிப் பார்ப்பாள், பொத்தான் துளையைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பும், மடித்து வைப்பாள். ஒருநாள் காலை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவளுக்குக் கண் இருட்டியது. நல்லவேளை, மருமகன் பக்கத்தில் இருந்தான். பிள்ளையை ஒரு கையிலும் அவளை மறு கையிலும் பிடித்துக்கொண்டான். அக்கா அப்போதே எல்லாரையும் மருத்துவரிடம் கிளப்பினார்.

மருத்துவர் ஒரு நிதானமான பெண்மணி. பிள்ளையைப் பார்த்தார், நன்றாக இருந்தது. தாயைப் பார்த்தார், பட்டினியாக இருந்தது.

"பால் சுரக்க உடம்பு நிறையச் செலவு பண்ணும், அது வாஸ்தவம்தான்" என்றார். "ஆனா செலவு பண்ணினதைக் கேட்டு வாங்கவும் செய்யும். அதான் இந்தப் பசி. சிலருக்குச் சீக்கிரம் இறங்கும். சிலருக்குப் பால் நிறுத்தற வரைக்கும் உடம்பு கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கும். தூக்கம் கெடறது வேற. எல்லாரையும் ஒரே கணக்குல போட முடியாது. இவங்க வயிறாரச் சாப்பிடணும்."

"அதெப்படி டாக்டர்? எனக்கு உருகிச்சே" என்று அக்கா மோதிரத்தைத் தொட்டுக்கொண்டு ஆரம்பித்தார். "இவ பொறந்தா. பால் குடுத்தேன். நடுவுல மஞ்சள் காமாலை வந்து படுத்தேன். எழுந்து பார்த்தா மோதிரம் விரல்ல நிக்கல."

மருத்துவர் பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார். மருமகன் சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தை மிகுந்த அக்கறையோடு படித்தான்.

"அம்மா, நடுவுல என்ன வந்துச்சு?" என்று கேட்டாள் மகள்.

"காமாலை" என்றார் அக்கா, இந்தத் தடவை தான் சொன்னதைத் தானும் காதில் வாங்கியபடி.

மகளுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த பிள்ளை பாலை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தது. மருத்துவரும் சிரித்தார். மருமகன் தடுப்பூசிப் படத்தைப் பார்த்தே சிரித்தான். அக்காவுக்கு முகம் சிவந்தது, மூக்கு விடைத்தது, கோபம் வருகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் உருண்டு திரண்டு வந்தது சிரிப்பு. ஊரில் ஒவ்வொரு தாய்க்கும் காமாலையைச் சிபாரிசு செய்துகொண்டு அலைந்திருக்கிறோமே என்ற சிரிப்பு. அதற்குள்ளேயே கொஞ்சம் அழுகையும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு ஏறி பிஸ்கட் டப்பாவை இறக்கினார்.

மறுநாள் ரொட்டிக்கடைக்காரி பிள்ளை பார்க்க வந்தாள். அக்கா கதவை முழுசாகத் திறக்காமல் குறுக்கே நின்றார். பார்க்க வருகிற கண் எங்கெங்கே போகும் என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் ரொட்டிக்கடைக்காரி பிள்ளையைப் பார்த்தாள், தாயின் முகத்தைப் பார்த்தாள், சூடான பன் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள். "முதல்ல சாப்பிடும்மா. பிள்ளையை நான் வச்சுக்கறேன்" என்றாள். அவ்வளவுதான். அக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, "அன்னிக்கு உன் கடையில நான் பேசினது தப்பு" என்றார். ரொட்டிக்கடைக்காரி, "எந்த அன்னிக்கு? ஒண்ணா ரெண்டா?" என்று கேட்டாள். பன் தின்றுகொண்டிருந்த மகளுக்குப் புரையேறியது.

மகள் டிப்போவில் கேட்டுப் பெரிய யூனிஃபார்ம் வாங்கிக்கொண்டாள். பொத்தான் சுகமாகப் போட வந்தது. வேலைக்குத் திரும்பிய முதல் நாள், பிள்ளை மருமகனிடம் இருக்க, அக்கா வண்டியின் முன் இருக்கையில் ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் அவள் புருஷனும் ஏறினார்கள். அக்காவின் கண் தாடையில் தொடங்கியது. ஓட்டுநர் இருக்கைக்கு மேலிருந்த கண்ணாடியில் மகளின் இரண்டு கண்கள் தெரிந்தன. அக்கா சட்டென்று பார்வையைத் திருப்பினார்.

"குழந்தை அழகா இருக்கும்மா" என்றார். பிறகு, அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல், "உங்க வீட்டுக்காரர்தான் சதை போட்டிருக்காரு" என்றார்.

சரி, அக்காவை விடுங்கள். இத்தனை தூரம் படித்துவிட்டீர்கள். மகளின் எடை எத்தனை கிலோ என்று நான் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அது உங்களுக்கு ஒரு குறையாகப் படுகிறதா? "ஏறிச்சுன்னா எவ்வளவு ஏறிச்சு?" என்று மனசின் ஓரத்தில் ஒரு முள் ஆடுகிறதா? அப்படியானால், அடுத்த தடவை பிள்ளை பார்க்கப் போகும்போது பன்னை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.