சைபரால் பெருக்கியவர்

மனிதர்களில் ‘சைபர் ஆசாமி’ என்றொரு வகை உண்டு. தேடி அலைய வேண்டாம். தேநீர் ஊற்றும் இடத்தில் இருப்பார். பல நாடுகளின் ரயில் நிலையங்களில், துறைமுகக் கடைகளில் இவரைப் பார்த்திருக்கிறேன். மொழி மாறும், சட்டை மாறும், சட்டைப்பையிலிருக்கும் குட்டி டப்பா மட்டும் மாறவே மாறாது. சர்க்கரைக் கிண்ணத்தைச் செத்த எலியைப் போல இரண்டு விரலால் ஒதுக்கி, டப்பாவை எடுத்து, எல்லோரும் பார்க்கிறார்களா என்று பார்த்து, ‘டிக், டிக்’ என்று இரண்டு இனிப்பு மாத்திரைகளைக் கோப்பையில் விட்டு, உலகத்தைத் துறந்த முகத்தோடு கலக்கி, அந்தத் துறவுக்குப் பரிசாக மூன்று துண்டு கேக்கைத் தட்டில் எடுத்துக்கொள்வார். ஏன் என்று கேட்டுவிடாதீர்கள். பாடம் நடக்கும்.

“இது உள்ள போனதே உடம்புக்குத் தெரியாதும்மா. வந்த மாதிரியே வெளிய போயிடும்.”

சொல்பவர் என் சித்தப்பா. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஊர் சுற்றிவிட்டுத் திரும்பிய நான் அவருக்குச் சர்க்கரை இல்லாத மிட்டாய் டப்பா ஒன்று வாங்கி வந்தேன். பாவம் என்னுடையதுதான். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘சர்க்கரை: 0’. பின்பக்கத்தில், எறும்பின் கால் அளவு எழுத்தில், ‘அதிகம் உண்டால் வயிறு இளகும்’. சைபர் ஆசாமி என்றைக்குப் பின்பக்கம் படித்தார்?

“ஒரு நாளைக்கு ரெண்டு போதும் சித்தப்பா.”

“சைபரை ரெண்டால பெருக்கினா?”

“சைபர்.”

“இருபதால?”

நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் வாயைத் திறந்தார்.

மறுநாள் காலை ஆண்டுத் தேர்வு. சித்தப்பா மேற்பார்வையாளர். இருபத்தாறு வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூட நடுவில் கழிப்பறைக்கு அனுப்பியதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. “மூணு மணி நேரம் அடக்கத் தெரியாதவனுக்கு மூணாம் வாய்ப்பாடு எதுக்கு?” என்பார். அவருடைய அறையில் மூச்சு விடுவதற்கே பிள்ளைகள் யோசிப்பார்கள்.

அந்த அமைதியில்தான் முதல் சத்தம் வந்தது. முன்வரிசைப் பெண் நிமிர்ந்தாள். சித்தப்பா சன்னலைச் சந்தேகமாகப் பார்த்தார். இரண்டாவது சத்தம் இன்னும் நீளம்.

“யாரது, பெஞ்சை நகர்த்துறது?” என்று கர்ஜித்தார்.

யாரும் நகர்த்தவில்லை. மூன்றாவது சத்தம் அதைத் தெளிவாக்கியது.

வேறொரு ஆசிரியர் வராமல் மேற்பார்வையாளர் அறையைவிட்டு அசையக்கூடாது. அன்று வராந்தாவில் ரோந்து வந்தவர் உயிரியல் ஆசிரியை. அதாவது, என் சித்தி. நெற்றியில் வியர்வையோடு வாசலில் நின்ற கணவரைப் பார்த்ததும் சித்திக்குப் புரிந்துவிட்டது.

“எத்தனை?” என்றாள் மெல்ல.

“முப்பத்தெட்டு பேர். ஆப்சென்ட் ரெண்டு.”

“மிட்டாயைக் கேக்குறேன்.”

“...இருபத்திரெண்டு.”

“ஓடுங்க!”

ஒரு கால் வெளியே வைத்திருப்பார். முன்வரிசைப் பெண் கையைத் தூக்கினாள். “சார், நானும் போகலாமா?”

இருபத்தாறு வருடம் அந்த வாசற்படியில் தத்தளித்தது. இரண்டு விநாடிதான். அதற்கு மேல் நிற்க வயிறு விடவில்லை.

“போம்மா, போ! யாருக்கெல்லாம் வேணுமோ, போய்த் தொலைங்க!”

பதினோரு பேர் எழுந்தார்கள்.

மாலையில் சித்தி பாடம் எடுத்தாள். “மாத்திரை போற வழி வேற, இது போற வழி வேறங்க. இந்த மிட்டாயில இருக்கிற இனிப்பைச் சிறுகுடல் முழுசா உறிஞ்சாது. மிச்சம் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணிய இழுத்துக்கும். அங்க இருக்கிற கிருமிங்க அதை வெளுத்துக்கட்டி வாயுவாக் கிளப்பிவிடும். அதுங்களுக்கு உங்க கணக்கெல்லாம் தெரியாது.”

சித்தப்பா டப்பாவைத் திருப்பி, வாழ்நாளில் முதல்முறையாகப் பின்பக்கத்தைப் படித்தார். நெடுநேரம் படித்தார். திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

“இன்னும் எட்டு இருக்கு,” என்றார். “நாளைக்கு எனக்கு லீவுதானே?”

சிரிக்கிறீர்களா? நல்லது. ‘லைட்’ என்று போட்டிருந்த ஒரே காரணத்துக்காக நேற்று உங்கள் வீட்டில் ஒரு பொட்டலம் பிஸ்கட்டை முழுவதுமாகத் தீர்த்தவர் யார்? யோசித்துச் சொல்லுங்கள். அவசரமில்லை. முதலில் போய்விட்டு வாருங்கள்.