அப்பாவின் டிரெய்லரும் ஆர்டிஸின் பலகையும்

அன்புத் தங்கை ஆர்டிஸுக்கு, மினசோட்டாவிலிருந்து உன் அண்ணன் வெர்லின் எழுதுவது.

இங்கே நானும் டெலோரிஸும் நல்லபடியாக இருக்கிறோம். ஏரியும் நல்லபடியாக இருக்கிறது. பனிக்கட்டி ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதிதான் விலகியது, போன வருஷத்தைவிட ஆறு நாள் தாமதம். என் இடது முழங்கால் அதை முந்தின நாளே சொல்லிவிட்டது. அரிசோனாவில் நீ சுகமாக இருக்கிறாய் என்றும் வெயில் பொறுக்கும்படி இருக்கிறது என்றும் நம்புகிறேன். உன் கிறிஸ்துமஸ் அட்டை கிடைத்தது. ஒன்பது வருஷமாக வருகிற மாதிரியே கையெழுத்து மட்டும் இருந்தது. கையெழுத்து அழகாகவே இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா 1961-இல் வாங்கி, ஜூலைதோறும் காருக்குப் பின்னால் கட்டி அம்மாவையும் நம் இருவரையும் ஏரிக்கரைக்கு இழுத்துப்போனாரே, அந்த முகாம் டிரெய்லரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, டிரெய்லர் உனக்கு வேண்டுமா என்று நான் இரண்டு தடவை கேட்டதும், “எனக்கெதுக்குண்ணா, நீயே வெச்சுக்க” என்று நீ இரண்டு தடவை சொன்னதும் உனக்கு ஞாபகம் இருக்கும். தூசி துடைக்க ஆகும் என்று சொல்லி, அம்மா தைத்த மஞ்சள் திரைச்சீலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு ஒரு ஜூலையிலும் நீ இங்கே வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை, நம்மை வளர்த்த விதம் அப்படி. ஆனால் எனக்கு எழுபத்திரண்டு ஆகிவிட்டது, ஆர்டிஸ். உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. டிரெய்லரைச் சரிசெய்து பழைய இடத்தில் நிறுத்தினால் இந்த ஜூலையில் நீ வருவாய் என்று எனக்குள் ஒரு நினைப்பு. இந்தக் கடிதத்துக்கு அதுதான் காரணம். மற்றதெல்லாம் நடந்ததைச் சொல்வது.

சரிசெய்வது என்றால் எப்படி என்பதில்தான் சிக்கல் வந்தது. பக்கத்து வீட்டு ஹார்லனை உனக்குத் தெரியும், முன்பு பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவன். ஓய்வு பெற்ற பிறகு பழைய டிரெய்லர்களைப் பழையபடியே ஆக்குவது என்று ஒரு பக்தி அவனுக்கு வந்துவிட்டது. தார்ப்பாயை விலக்கியதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிறிது நேரம் நின்றான். அடுப்புக்குள் அணில் ஒளித்து வைத்திருந்த ஓக் கொட்டைகள் ஒரு வாளி இருந்தன, மெத்தைக்குள் எலிகள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தன, நான்கு சக்கரம் இருக்க வேண்டிய வண்டி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் இரண்டு சக்கர வண்டி என்பதும் அன்றுதான் ஞாபகம் வந்தது. ஹார்லன் சொன்னான்: “இதுல ஒரு ஸ்க்ரூகூட மாத்தக் கூடாது, வெர்லின். ஐஸ் கட்டி வெக்கிற பெட்டிதான் இருக்கணும், ஃப்ரிட்ஜ் பேச்சே எடுக்காத.” மறுநாள் மழை பெய்தது. கூரை மூடியிலிருந்து ஒழுகி அவன் கழுத்துக்குள் இறங்கியது. தள்ளி உட்காரச் சொன்னேன். “அறுபத்தொண்ணுலயும் இங்கதான ஒழுகுச்சு? அப்ப இதுதான் அசல்,” என்று அந்த இடத்திலேயே உட்கார்ந்து காபியைக் குடித்து முடித்தான். ஒழுகியது அசல்தான், நான் மறுக்கவில்லை, அப்பா அதற்குக் கீழே ஒரு சூப் பானை வைப்பார்.

அந்த வாரக் கடைசியில் மினியாபொலிஸிலிருந்து என் மகள் கிர்ஸ்டன் வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, அத்தைக்கு அறுபத்தொம்பது வயசு. மேல் படுக்கைக்கு ஏணி வெச்சு ஏத்தப் போறீங்களா? கக்கூஸ் இல்லாத வண்டிக்கு யார் வருவா?” என்றாள். கேள்வி நியாயம்தான். அவள் திட்டம் இது: மேல் படுக்கையைப் பிய்த்து எறிவது, உள்ளே எல்லாம் வெள்ளை பெயிண்ட், தாழ்வான கட்டில், மூலையில் கழிப்பறை, சுவர் முழுக்க போன் சார்ஜ் போடும் துளைகள். வெள்ளை பெயிண்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஹார்லன் வெளியே போய்த் தன் லாரியில் உட்கார்ந்துகொண்டான். டெலோரிஸ் இரண்டு திட்டத்தையும் கேட்டாள். “ம், வித்தியாசமாத்தான் இருக்கு,” என்றாள். கல்யாணமாகி நாற்பத்தேழு வருஷத்தில் அவள் வாயிலிருந்து இதைவிடக் கடுமையான வார்த்தை வந்ததில்லை என்பது உனக்கே தெரியும். நான் என்ன சொன்னேன் என்று கேட்காதே. ஹார்லனிடம் ஹார்லன் சொல்வது சரி என்றும் கிர்ஸ்டனிடம் கிர்ஸ்டன் சொல்வது சரி என்றும் சொல்லிவிட்டு, புல் வெட்டப் போய்விட்டேன்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் கிர்ஸ்டன், எலி வராமல் இருக்கட்டும் என்று, பீய்ச்சினால் நுரைத்து உப்பி இறுகிப்போகிற ஒரு பசையை இடுக்குகளில் எல்லாம் அடித்திருக்கிறாள். கதவின் ஓரத்தையும் இடுக்கு என்று எடுத்துக்கொண்டாள். இது தெரியாமல் நானும் ஹார்லனும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அளவெடுத்தோம். அரை மணியில் அவள் கார் நெடுஞ்சாலைக்குப் போயிருக்கும், எங்கள் கதவு சுவராகியிருந்தது. நான் தள்ளினேன், ஹார்லன் தள்ளினான், இருவரும் சேர்ந்து தள்ளியதில் டிரெய்லர்தான் இரண்டடி நகர்ந்தது. டெலோரிஸ் சின்ன ஜன்னல் வழியாகக் காபி கொடுத்தாள், பிறகு தோட்டத்து ருபார்ப் தண்டு போட்ட கேக்கும் நீட்டினாள். “ஹார்லன், கேக் எடுத்துக்கங்க.” “ஐயோ, வேண்டாம், வேண்டாம்.” “ஒரு துண்டாவது.” “பரவால்ல, வயிறு நிறைஞ்சிருக்கு.” நம் ஊரில் முதல் இரண்டு வேண்டாமும் மரியாதைக்கு, மூன்றாவது தடவை நீட்டும்போதுதான் ‘சரி, சின்னதா ஒண்ணு’ என்று வாங்கிக்கொள்வது. ஆனால் அந்த நேரம் பார்த்துக் கொசு படையெடுத்து வந்ததால் டெலோரிஸ் ஜன்னலைச் சாத்திவிட்டாள். ஹார்லன் மூடிய ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் என் துண்டைத் தின்றேன். வெளியே வந்த பிறகும் ஒரு வாரம் அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, முதுகு வலி என்றான்.

உள்ளே ஒன்றரை மணி நேரம் இருந்தோம், டெலோரிஸ் வெளியே ரொட்டிக் கத்தியால் நுரையை அறுத்துக்கொண்டிருந்தாள். ஹார்லன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உன் மேல் படுக்கையில் ஏறிப் படுத்தான். பிறகு, “இங்க ஏதோ எழுதியிருக்கு,” என்றான். தலைமாட்டுப் பலகையில், பென்சிலில், கோணல் எழுத்தில்: இது ஆர்டிஸின் இடம். வெர்லின் ஏறக் கூடாது. அதற்குக் கீழே 1961, 62, 63 என்று ஒவ்வொரு ஜூலைக்கும் ஒரு கோடு. பதினோரு கோடு. கடைசிக் கோடு போட்டபோது உனக்குப் பதினாறு வயது, கால் நீட்ட இடமே இருந்திருக்காது. கோடுகளை விரல் வைத்து இன்னொரு தடவை எண்ணினேன். ஹார்லன் பலகையின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தான். பிறகு மெதுவாக, “தண்ணி பட்டு உளுத்துடுச்சு. அசல் பிர்ச் பலகை என்கிட்ட இருக்கு, இதைக் கழட்டிட்டு அதைப் போட்டுடலாம்,” என்றான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, பழையபடி ஆக்கினாலும் இந்தப் பலகை போய்விடும், புதுசாக்கினாலும் போய்விடும்.

ஆகவே நிதானமாக யோசித்து முடிவு செய்துவிட்டேன். பலகை இருக்கும். மேல் படுக்கை இருக்கும், நீ ஏற வேண்டாம், கீழே படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் போதும். ஐஸ் பெட்டி ஹார்லனுக்காக, கழிப்பறை கிர்ஸ்டனுக்காக. ஒழுகல் வேண்டாம். டெலோரிஸிடம் சொன்னேன், வித்தியாசமாக இருக்கிறது என்று சொல்லவில்லை, அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன். உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அந்த மஞ்சள் திரைச்சீலைகளில் ஏதாவது துண்டு கிழியாமல் மிச்சம் இருந்தால் தபாலில் அனுப்பு, அதே துணியில் புதிதாகத் தைக்கலாம். ஜூலையில் வா.

உனக்கு உடல்நலமும் நல்ல நிழலும் கிடைக்கக் கடவுளை வேண்டுகிறேன். டெலோரிஸ் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். ஹார்லனும் முதுகைப் பிடித்துக்கொண்டு விசாரித்தான்.

என்றும் உன் அண்ணன்,
வெர்லின்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் டெலோரிஸ் இதை வாங்கிப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். “ஏங்க, அன்னிக்கு அவகிட்ட ரெண்டு தடவைதான் கேட்டீங்களா?” என்றாள். ஆமாம், வேண்டாம் என்றாளே என்றேன். “ஹார்லனும்தான் கேக் வேண்டாம்னார்,” என்றாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “தூசி துடைக்க யாராவது அரிசோனா வரைக்கும் திரைச்சீலை தூக்கிட்டுப் போவாங்களா?” என்றாள். நான் வெளியே போய் டிரெய்லர் வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் வந்தேன். ஒன்பது வருஷமாக ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தது நான்தான், ஆர்டிஸ். மன்னித்துவிடு. மேலே எழுதிய முடிவெல்லாம் ரத்து. ஐஸ் பெட்டியோ கழிப்பறையோ வெள்ளை பெயிண்டோ, ஒன்றையும் நான் தொடப்போவதில்லை, திரைச்சீலையையும் அனுப்பாதே. மூன்றாவது தடவை கேட்கிறேன்: டிரெய்லர் உனக்கு வேணுமா?